ஓசோனுக்குத் தீங்கு செய்யாத ஓர் ஆவி

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியால் உடன்படிக்கையைச் சூழலியலின் பெரும் வெற்றி என்கிறோம்; அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், ஓசோனைச் சிதைப்பதால் தடைக்குள்ளான குளோரோபுளோரோகார்பன்களுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்த கரைப்பான்கள் (பொருள்களில் ஒட்டிய பிசுக்கைக் கரைத்துக் கழுவும் திரவங்கள்), அவற்றின் ஆவியைச் சுவாசித்தவர்களின் உடலை என்ன செய்தன என்பதை அந்த வெற்றியோடு சேர்த்து யாரும் பேசுவதில்லை.

தென் கொரியாவின் யாங்சான் நகரில், சிறிய மின் சுவிட்சுகளைப் பொருத்தும் பிரிவொன்றில் 1994இல் 2-புரோமோபுரோபேன் என்னும் கரைப்பான் அப்படியொரு மாற்றாகப் பயன்பாட்டுக்கு வந்தது. எளிதில் ஆவியாகக்கூடிய, நிறமற்ற அந்தத் திரவத்தை நச்சுத்தன்மை குறைந்ததாகவே கருதியிருந்தார்கள். மனித உடலில் அதன் விளைவு என்ன என்பதை அதற்குமுன் எவரும் ஆராய்ந்திருக்கவில்லை. மறு ஆண்டே அங்கு வேலை செய்த இளம்பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றுபோனது. ஆய்வாளர்கள் பரிசோதித்த 25 பெண்களில் 16 பேருக்கு இப்பாதிப்பு இருந்தது. உடன் வேலை செய்த 8 ஆண்களில் இருவரின் விந்தில் விந்தணுவே இல்லை. மேலும் நால்வருக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையோ அசைவோ குறைந்திருந்தது. சிலருக்குச் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றுமே சரிந்திருந்தன.

பெண்களின் உடல் வெளிப்படையாக எச்சரித்தது. ஆண்களுக்கோ அப்படியோர் அறிகுறி இல்லை. ஆண்மைக் குறைவும் விந்தணுக் குறைவும் ஒன்றல்ல என்பதால், தம்முள் ஏதோ கெட்டிருப்பதை அவர்களால் உணர்ந்திருக்கவே முடியாது. பெண்கள் முறையிட்டிராவிட்டால் அந்த ஆண்களை யார் பரிசோதித்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

ரத்தமும் விந்தணுவும் ஒருசேரக் கெடுவது தற்செயல் அல்ல. ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் விந்தணுக்களை உருவாக்கும் விந்தகமும் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்களைப் பெருக்கிக்கொண்டே இருப்பவை. பிரியும் செல்லைத் தாக்கும் நஞ்சு இவ்விரண்டையும் குறிவைப்பது இயல்பே. பின்னர் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த ஆவியை எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்தபோது விந்தகம் சுருங்கியது, சிவப்பணுக்களும் தட்டணுக்களும் குறைந்தன. விந்தணுவாக வளரவேண்டிய மூலச் செல்களே அழிவதுதான் இதில் கொடுமை, ஏனெனில் வளர்ந்த விந்தணு மட்டும் அழிந்திருந்தால் இரண்டரை மாதத்தில் புதியவை உருவாகிவிடும், மூலமே அழிந்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

யாங்சான் தொழிற்சாலையின் பணிச்சூழலை மீண்டும் அமைத்து அளந்தபோது, அறையின் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கே இருந்த ஆவி, கழுவும் தொட்டியை மூடிய கூண்டுக்குள் 4,000 பங்கைத் தாண்டியிருந்தது. அறையின் சராசரியை மட்டும் பார்த்து அனுமதி வழங்கும் அதிகாரிகள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தோல் வழியாகவும் கரைப்பான் உள்ளே சென்றிருக்கலாம் என்பது வேறு.

இதற்குப் பின்னும் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1-புரோமோபுரோபேன் மாற்றுக் கரைப்பானாகப் பரவி, நரம்புகளைத் தாக்கியது. அமெரிக்கா அதைத் தீங்கான காற்று மாசுகளின் பட்டியலில் சேர்த்தது 2022இல்தான்.