ஒருவழியாக ஹப் கழன்றது

உச்சிப்புளி தோப்பில் ஓடும் எங்கள் பழைய சின்ன டிராக்டரின் பின்சக்கர ஹப் (ஆக்ஸில் என்ற அச்சில் மாட்டியிருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) இன்றைக்குத்தான் கழன்றது, நாலு நாள் பாடு! வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, இரண்டு பக்கமும் உப்புக்காற்று; இரும்பு துருவானால் பருமன் கூடும், ஆக்ஸிலுக்கும் ஹப்புக்கும் நடுவில் அது இறுகிவிட்டால் வெல்டிங் வைத்த மாதிரிதான்.

சம்மட்டியைத் தூக்கியதும் பட்டறை அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, ஆக்ஸில் முனையில அடிச்சா முனை விரிஞ்சுரும், அப்புறம் ஹப் வரவே வராது, உள்ள பேரிங்கும் போயிரும்" என்றார். அழுக்கைச் சுரண்டிப் பார்த்தால் ஹப்பில் ஒரு பூட்டுத் திருகு ஒளிந்திருந்தது, அதைக் கழற்றாமல் எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

மூன்று நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்தோம். நேற்று ராத்திரி புல்லரை (ஹப்பைப் பிடித்து வெளியே இழுக்கும் திருகுக் கருவி) மாட்டி, முறுக்கி, அந்த இழுவையிலேயே விட்டுவிட்டோம். இன்று காலை எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு (தீப்பிடிக்கும், கவனம்) ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) சூட்டில் கெடாமல் அந்தப் பக்கம் ஈரச்சாக்கு சுற்றி, ஹப்பை மட்டும் சுற்றிச் சுற்றி கேஸ் தீயில் சூடாக்கினோம், ஆக்ஸில் சூடேறுவதற்குள் ஹப் விரிய வேண்டும், அதுதான் கணக்கு. அண்ணன் புல்லரை இன்னும் கால் சுற்று முறுக்கினார், 'டக்'கென்று ஒரு சத்தம், வந்துவிட்டது! அப்பா ஓட்டிய வண்டி, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆக்ஸிலை எமரித் தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, புதுச் சாவி (ஹப்பும் ஆக்ஸிலும் சேர்ந்து சுற்றும்படி இடையில் செருகும் இரும்புத் துண்டு) போட்டு நாளைக்கு மாட்டுகிறோம்.