அம்மாவின் கனாவும் எங்கள் ஏ.சி. டைமரும்

ஏப்ரல் 9, 2025, புதன்

நேற்று ராத்திரியும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் கையில் இருக்கிறது, ஹாலைத்தான் காணோம். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜிஎஸ்டி போர்ட்டல். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கிளையண்ட் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று "முடிஞ்சுதாம்மா?" என்கிறார். அதற்கப்புறம் அழகர்கோவில் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏதோ தகராறு. ராத்திரி முழுக்க இப்படி ஷோ ஓடினால் பகலில் என்ன ஆகும்? பதினொரு மணிக்கெல்லாம் லெட்ஜர் மேல் கண் சொக்குகிறது.

அம்மாவிடம் சொன்னால் அவள் கணக்கு வேறு. சாவு கண்டால் நல்லது, கல்யாணம் கண்டால் கெட்டது, பல் விழுந்தால் ரொம்பக் கெட்டது. பரீட்சைக்கு அவளிடம் பலன் கிடையாது. "எப்பக் கண்ட? முன்னிராத்திரியா, விடியக்காலையா?" என்றாள். முன்னிராத்திரிக் கனா பலிக்க ஒரு வருஷம் ஆகுமாம், விடியக்காலைக் கனா கையோடு பலிக்குமாம். விடியக்காலைதான் என்றேன். "அப்பப் பலிச்சிரும்த்தா." நாற்பத்தி நாலு வயசில் பிளஸ் டூ கணக்கு எப்படிப் பலிக்கும் என்று கேட்டேன். கீரை ஆயப் போய்விட்டாள்.

ஏப்ரல் 12, சனி

டாக்டரிடம் போனேன். கனவு நிறைய வருகிறது, குறைக்க ஏதாவது கொடுங்கள் என்று ஆரம்பித்தேன். என்ன கனவு என்று அவர் கேட்கவே இல்லை. குறட்டை உண்டா, மூச்சு முட்டி எழுந்திருக்கிறீர்களா, காலையில் தலைவலியா, என்னென்ன மாத்திரை, கடைசிக் காபி எத்தனை மணிக்கு என்று வரிசையாகப் போனார். குறட்டையும் மூச்சுமுட்டலும் இருந்தால் ஒரு ராத்திரி கருவி மாட்டித் தூக்கத்தைச் சோதிக்கச் சொல்லியிருப்பாராம். கூட வந்திருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். "அவ இல்ல சார், நான்தான்" என்று இவர் சொல்ல, சீட்டு எழுதுவது ஒரு நிமிஷம் நின்றது. இவருக்குத் தனியாக ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

பிறகு விளக்கினார். கனவு எல்லாருக்கும் தினமும் வருகிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷச் சுற்றாக ராத்திரிக்கு நாலைந்து தடவை ஓடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் விழி வேகமாக அசையும் கட்டம் ஒன்று வரும். ஆர்இஎம் என்கிறார்கள். கதை கதையாக வரும் கனவெல்லாம் பெரும்பாலும் அதில்தான். அந்த நேரத்தில் முழித்தால் கனவு ஞாபகத்தில் நிற்கும், முழிக்காவிட்டால் வந்ததே தெரியாது.

"உங்களுக்குக் கனவு ஜாஸ்தி இல்லம்மா. முழிப்பு ஜாஸ்தி. எது முழிக்க வைக்குதுன்னு பாருங்க."

மாத்திரை கிடையாது. நோட்டு ஒன்று போடச் சொன்னார். ராத்திரியில் மணி பார்க்கக் கூடாது, காலையில் எழுந்து தோராயமாக எழுதினால் போதும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இந்த ஆர்இஎம் சமாச்சாரம் என்னை விடவில்லை, தேடிப் படித்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்துக் கண்ணருகே கம்பி ஒட்டிப் பார்த்திருக்கிறார். தூங்குகிற பையனின் விழி திடீர் திடீரென்று ஓடுகிறது. மெஷின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தாராம். அவரும் அவருடைய பேராசிரியர் கிளெய்ட்மனும் 1953-ல் கட்டுரை வெளியிட்டார்கள். விழி ஓடும்போது எழுப்பிக் கேட்ட 27 தடவையில் 20 தடவை ஆட்கள் கனவைக் காட்சி காட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். விழி அசையாதபோது எழுப்பினால் பெரும்பாலும் ஒன்றும் ஞாபகமில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் சுற்றில் அந்தக் கட்டம் சில நிமிஷம்தான். போகப் போக நீளும், விடியும் நேரத்தில்தான் அது ரொம்ப நீளம். அதனால் விடியக்காலைக் கனவுதான் மனசில் ஒட்டுகிறது. பலிக்கிறதோ இல்லையோ, அம்மா அதைத் தனியாகப் பிரித்து வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. சொன்னேன். "இதுக்கு அமெரிக்காக்காரன் வேணுமாக்கும்" என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

ஆபீஸில் மாலை 5 மணி ஃபில்டர் காபியை நிறுத்தினேன். காபியில் இருக்கிற காஃபினில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகுமாம், படுக்கிற நேரத்துக்கும் பாதி டம்ளர் உள்ளேயே இருக்கும். தலைவலிக்கிறது. கடுப்பாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

நோட்டில் "கழுத்து ஈரம்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். நேற்று முழித்தபோது அசையாமல் படுத்துக் கவனித்தேன். தலையணை உறை பிடரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே ஃபேன் மட்டும் சுற்றுகிறது, காற்று வெதுவெதுப்பு. ஏ.சி.யின் பச்சை விளக்கு இல்லை. இவர் 23-ல் வைத்து ராத்திரி 3 மணிக்கு அணைகிற மாதிரி டைமர் போட்டுவிட்டுப் படுப்பார். எங்கள் வீடு மேல்மாடி. சித்திரை வெயில் குடித்த கான்கிரீட் ஏ.சி. நின்ற அரை மணியில் அறையைச் சுட வைத்துவிடும்.

ஆர்இஎம் கட்டத்தில் உடம்பு தன் சூட்டைச் சமாளிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகிறது என்று படித்தேன். வேர்ப்பது, நடுங்குவது எல்லாம் மந்தம். அறை சூடானால் தூக்கம்தான் கலையும். நாங்கள் ஏ.சி.யை அணைப்பது சரியாக அந்தக் கட்டம் நீளும் நேரத்தில். பிளஸ் டூ ஹாலும் போர்ட்டலும் ஆட்டுக்குட்டியும் எல்லாம் மூன்று மணிக்கு மேற்பட்டவை!

டைமரை எடுக்கச் சொன்னால் இவர் ஈ.பி. கார்டை எடுக்கிறார். 500 யூனிட் தாண்டினால் ரேட்டே மாறும், அது நிஜம். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகமே சொல்கிறது என்றேன். பேரம் படிந்தது: 27-ல் வைத்து விடிய விடிய ஓடட்டும், கூடவே ஃபேன். பில் வரட்டும் பார்க்கலாம் என்கிறார். வாத்தியார் ரிசல்ட் ஷீட்டை மடித்து வைத்த முகம்.

ஏப்ரல் 30, புதன்

முழிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. காலையில் தலை லேசு. கனவு வந்திருக்கும், என்ன என்று தெரியவில்லை.

பரீட்சை மட்டும் விடாமல் எட்டிப் பார்க்கிறது. அதற்கு டாக்டர் போனில் ஒரு வழி சொன்னார். பகலில், முழித்திருக்கும்போது, அதே கனவை முடிவு மாற்றி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். போர், விபத்து பார்த்தவர்களின் கொடுங்கனவுக்கே இதைத்தான் செய்கிறார்களாம். என் முடிவு: ஹாலைத் தேடுவதை விட்டுவிட்டு, ஹால் டிக்கெட்டை விசிறியாக மடித்து வீசிக்கொண்டே போய் ஜிகர்தண்டா குடிக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம். பக்கத்து சீட்டுக்காரி பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறேன் என்று கிளப்பிவிட்டாள்.

மே 3, சனி

மிச்சமிருக்கும் முழிப்புக்குக் காரணம் அம்மா. நாலு மணி வாக்கில் பக்கத்து அறையிலிருந்து பேச்சுச் சத்தம். "வாங்க. இப்படி உக்காருங்க. வெத்தல கிள்ளித் தரவா?" அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு அப்புறம்தான் இது. கை நடுக்கத்துக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை ஆரம்பித்ததும் பொங்கலுக்கு அப்புறம்தான்.

இன்று அவளையும் கூட்டிப்போனேன். தூக்கத்தில் கை காலை வீசி அடிக்கிறார்களா, கட்டிலிலிருந்து விழுந்தார்களா என்று டாக்டர் இரண்டு மூன்று விதமாகக் கேட்டார். ஆர்இஎம் கட்டத்தில் கண்ணும் மூச்சும் தவிர உடம்புத் தசையெல்லாம் கட்டிப்போட்ட மாதிரி தளர்ந்திருக்க வேண்டும். அந்தக் கட்டு அவிழ்ந்து கனவை நடித்துக் காட்டினால், வயசானவர்களுக்கு அது பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாக இருக்கலாமாம். முழிப்பு வந்த பிறகும் கட்டு அவிழாமல் இருப்பதைத்தான் நம் ஊரில் அமுக்குவான் பேய் என்கிறோம். அம்மாவுக்கு இரண்டும் இல்லை, வெறும் பேச்சு. மாத்திரை மூளைக்குள் போகிற ரகம், கனவைத் தெளிவாக்கும் என்றார். அதே மருந்துக் குடும்பத்தில், மூளைக்குள் அவ்வளவாகப் போகாத ஒன்றை மாற்றி எழுதினார்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். தல்லாகுளத்தில் குடியிருந்துகொண்டு நேற்று தூங்கினோம் என்று யாராவது சொன்னால் பொய். வேட்டு, கொட்டு, தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஒரு ராத்திரி போனால் அடுத்த ராத்திரி ஆழ்ந்த தூக்கம் தானாகக் கூடும், அதற்காகப் பகலில் படுக்காதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அந்த அறிவுரையின் கனம் தெரிந்தது.

அம்மா காலையிலிருந்தே முகம் கொடுக்கவில்லை. கூட்டத்தில் நின்ற அசதி என்று நினைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "அந்த மாத்திரைய மாத்துனதுலேர்ந்து உங்கப்பா வரல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கை நடுங்குனா நடுங்கிட்டுப் போகுது. பழசையே வாங்கியா."

மே 17, சனி

இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே போனேன். அம்மா எனக்கு முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கனவு பயமுறுத்துகிறதா? இல்லை. முழித்தால் திரும்பத் தூக்கம் வருகிறதா? வரும். பகலில் அசதி? இல்லை. நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஆஸ்துமா இல்லை என்று மறுபடி உறுதி செய்துகொண்டார். புது மாத்திரையில் நடுக்கமும் சரியாக அடங்கவில்லை, டம்ளர் பிடிக்கும்போதே தெரிகிறது. பழையதற்கே மாற்றிவிட்டார். "தொந்தரவு உங்க மகளுக்குத்தாம்மா. அவங்க கதவைச் சாத்திக்கட்டும்."

மே 21, புதன்

நேற்று ஜிஎஸ்டி மாதக் கணக்கு, அதான் 3பி, எல்லாம் ஏற்றி முடித்துப் படுக்கும்போது மணி 12. கதவைச் சாத்திக்கொண்டேன். போர்ட்டல் கனவில் வரவில்லை.

அம்மா வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வந்தாகளா என்று கேட்டேன்.

"ரேசன் கடை. அம்புட்டு நீளம் வரிசை. எனக்கு முன்னாடி நின்னவ பாமாயில் பாக்கெட்ட வச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்குறா."

"அப்பா?"

"வரிசைன்னா உங்கப்பா எங்க வருவாக? வீட்டுலதான் இருந்திருப்பாக."