கலிபோர்னியாவில் பள்ளி உளவியல் களப்பயிற்சி: 450 மணியும் 1,200 மணியும்

கலிபோர்னியாவில் பள்ளி உளவியல் முதுநிலை படிப்பவர்கள் இரண்டு கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலில் 450 மணி நேரப் பிராக்டிகம் (படிக்கும்போதே செய்யும் தொடக்கக் களப்பயிற்சி), அதில் 300 மணியாவது பள்ளிக்குள் கழிய வேண்டும். அடுத்தது 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். முழுநேரமாகச் செய்தால் ஒரு கல்வியாண்டு ஆகும், பகுதிநேரமாக இரண்டு ஆண்டுகளில் முடிப்பவர்களும் உண்டு. மணிக்கணக்கு எப்படியும் நிறைந்துவிடும். அந்த நேரம் எந்த வேலையில் போனது என்பதை வைத்துத்தான், முதல் ஆண்டு தனியாக ஒரு பள்ளியைக் கையில் எடுக்கும்போது நிற்பதும் தடுமாறுவதும் இருக்கிறது.

கோடையிலேயே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். லைவ் ஸ்கேன் கைரேகை, மாநில ஆசிரியர் சான்றளிப்பு ஆணையத்தின் கிளியரன்ஸ் சான்று, காசநோய்ப் பரிசோதனை, பல்கலைக்கழகத்துக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் எல்லாம் கையில் இல்லாமல் வகுப்பு வாசலைத் தாண்ட முடியாது. பெரும்பாலும் தாமதமாவது ஒப்பந்தம்தான். இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களும் பார்த்து முடிக்க வாரக்கணக்காகும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் முதல் நாளுக்கு முன்பே சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வேலை செய்யும்) அனுமதி வாங்கியிருக்க வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் அதே பட்டத்துக்கான ஓ.பி.டி. (பட்டத்துறையில் வேலை செய்யும் தனி அனுமதி) போய்விடும். அதனால் இன்டர்ன்ஷிப் தேதிகளைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: போன ஆண்டு இங்கே இருந்த இன்டர்ன் எத்தனை மதிப்பீடு செய்தார், மாணவர்களுக்கு எத்தனை குழு ஆலோசனை நடத்தினார், ஆசிரியர்களோடு சேர்ந்து எத்தனை இடையீட்டுத் திட்டம் (பின்தங்கும் பிள்ளைக்குக் கூடுதல் உதவித் திட்டம்) போட்டார்? 500 மாணவருக்கு ஒரு பள்ளி உளவியலாளர் வேண்டும் என்பது தேசியச் சங்கமான நாஸ்ப்பின் பரிந்துரை. ஆள் பற்றாக்குறை உள்ள மாவட்டத்தில் அது எட்டாக் கனி. அங்கே இன்டர்னை டெஸ்ட் எடுக்கும் ஆளாக மட்டும் வைத்துக்கொள்ளும் ஆபத்து நிஜமானது. பயிற்சித் திட்டத்தில் ஒவ்வொரு வகை வேலைக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையை எழுதி, மேற்பார்வையாளர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். முழுநேர வாரத்துக்குச் சராசரி 2 மணி நேர மேற்பார்வையும் அதில் இருக்கட்டும். நடைபாதையில் போகிறபோக்கில் பேசியதையெல்லாம் மேற்பார்வை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

இனி கெடு. ஒரு பிள்ளையைச் சிறப்புக் கல்விக்கு மதிப்பிடக் கேட்டு ரெஃபரல் வந்த 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் பெற்றோர் கைக்குப் போக வேண்டும். சம்மதிப்பதா என்று முடிவெடுக்கப் பெற்றோருக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. கையெழுத்திட்ட தாள் பள்ளிக்கு வந்ததிலிருந்து 60 நாளில் ஐ.இ.பி. (பிள்ளைக்கான தனிச் சிறப்புக் கல்வித் திட்டம்) கூட்டம் நடந்திருக்க வேண்டும். ஐந்து பள்ளி நாளுக்கு மேல் நீளும் விடுமுறை மட்டும் கணக்கில் வராது. பலர் 60ஆம் நாளை ரிப்போர்ட் முடிக்கும் நாளாக நினைத்துக்கொள்கிறார்கள், அது கூட்டத்துக்கான கெடு. எனவே பின்னாலிருந்து எண்ணுங்கள்: கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ரிப்போர்ட் பெற்றோரிடம், அதற்கு இரண்டு வாரம் முன்பு டெஸ்டுகள் முடிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் இன்னும் முன்னால் தள்ளுங்கள்.

வகுப்பறை அவதானிப்பை டெஸ்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். டெஸ்ட் எடுத்துவிட்டால் குழந்தைக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். நீங்கள் உள்ளே வந்ததும் திரும்பிப் பார்க்கும், சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அப்போது எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு காதில் 15 விநாடிக்கு ஒரு முறை ஒலிக்கும் டைமர், மடியில் 60 கட்டம் போட்ட தாள், மொத்தம் 15 நிமிடம். ஒலி கேட்ட கணத்தில் பிள்ளை பாடத்தில் இருக்கிறதா என்று குறியுங்கள். ஒவ்வொரு ஐந்தாவது கட்டமும் சக மாணவருக்கு, ஒவ்வொரு முறையும் வேறொருவர். ஆக, இந்தப் பிள்ளைக்கு 48 கட்டம், மற்றவர்களுக்கு 12. பிள்ளை 24 கட்டத்தில் பாடத்தில் இருந்தால் 50 சதவீதம். மற்றவர்கள் 12இல் 10 என்றால் 83 சதவீதம், பிள்ளையைப் பற்றிய கேள்வி நிற்கிறது. அவர்களும் 12இல் 6 என்றால் வகுப்பே பாதி நேரம் பாடத்தில் இல்லை. டெஸ்ட் கிட்டைத் திறக்கும் முன் ஆசிரியரோடு பேச வேண்டிய விஷயம் அது. ஆசிரியர் சிரமம் என்று சொன்ன பாடவேளையிலும், பிள்ளை நன்றாக இருக்கும் பாடவேளையிலுமாக இரண்டு முறையாவது உட்காருங்கள்.

டெஸ்டில் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வயதுக் கணக்கில். வெக்ஸ்லர் (அறிவுத்திறன்) டெஸ்டுகளில் டெஸ்ட் தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழிக்கும்போது, மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தே கடன் வாங்க வேண்டும். 2015 ஆகஸ்ட் 20 பிறந்த பிள்ளைக்கு 2025 மார்ச் 5 டெஸ்ட் என்றால் 9 வயது, 6 மாதம், 15 நாள். 15 நாள் ஆகிவிட்டதே என்று 7 மாதமாக ஏற்றக்கூடாது. வயது தப்பினால் மதிப்பெண் பார்க்கும் வயதுவாரி அட்டவணையில் வேறு பக்கத்துக்குப் போய்விடுவீர்கள், அதன் பிறகு எல்லா எண்ணும் தப்பு.

கலிபோர்னியாவுக்கே உரிய ஒன்று: 1979இன் லாரி பி. வழக்குத் தீர்ப்பும், 1986இல் அது விரிவாக்கப்பட்டதும். கறுப்பின மாணவர்களைச் சிறப்புக் கல்விக்கு மதிப்பிட ஐ.க்யூ. டெஸ்ட் கூடாது என்பது அதன் சாரம். 1986 விரிவாக்கத்தை 1992இல் நீதிமன்றமே ரத்து செய்தது. உங்கள் மாவட்டம் இதை எப்படிக் கடைப்பிடிக்கிறது, மாற்றாக எதைப் பயன்படுத்துகிறது என்று முதல் வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளைத் தாய்மொழியில் மதிப்பிடச் சொல்கிறது மத்திய சட்டம், அறவே இயலாத நிலை தவிர. உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக, தமிழ் வீட்டுப் பிள்ளையிடம் ஆங்கில டெஸ்டை அந்த இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். அந்த அட்டவணை அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்காக உருவாக்கப்பட்டதல்ல. பேச்சில் கிடைத்ததை விவரிப்பாக மட்டும் எழுதுங்கள். பெற்றோரிடம் தமிழில் வளர்ச்சி வரலாறு கேட்பதில்தான் உங்கள் தமிழ் உண்மையாகவே உதவும்.

இடையீட்டுக் கேஸை அக்டோபருக்குள் தொடங்கிவிடுங்கள். ஜனவரிக்குத் தள்ளினால் வசந்தகால மாநிலத் தேர்வு குறுக்கே வரும். வாசிப்பு என்றால் ஒரு நிமிடம் வீதம் மூன்று பத்திகளைச் சத்தமாகப் படிக்கவைத்து, சரியாகப் படித்த சொற்களை எண்ணி, நடு எண்ணை எடுங்கள். 41, 58, 47 வந்தால் 47. மூன்று விநாடிக்குள் பிள்ளையே திருத்திக்கொண்டால் அது சரியான சொல்தான். திட்டம் தொடங்கும் முன் இப்படி வரைபடத்தில் குறைந்தது மூன்று புள்ளிகள், பிறகு வாரம் ஒன்று. திட்டம் நடந்ததா என்பதற்கும் ஒரு சரிபார்ப்புத் தாள் வேண்டும். கோடு மேலே ஏறாதபோது பல சமயம் முறையில் குறையிருக்காது. ஆசிரியர் விடுப்பு, கூட்டம், ஒத்திகை என்று வாரத்தில் பாதி நாள் அது நடந்தே இருக்காது.

தற்கொலை எண்ணம் பற்றிப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாதீர்கள், தனியே முடிவெடுக்கவும் செய்யாதீர்கள். அப்போதே மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். பிராக்டிகம் முதல் நாளே யாரை அழைப்பது, அவர் இல்லையென்றால் அடுத்து யார் என்று எண்களோடு எழுதி வைத்திருங்கள்.

மணிக்குறிப்பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகைவாரியாக நிரப்பி, மாதம் ஒரு முறை கையெழுத்து வாங்குங்கள். மேற்பார்வையாளர் நடுவில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால், அவர் காலத்து மணிகளுக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. என்.சி.எஸ்.பி. எனும் பள்ளி உளவியலாளர் தேசியச் சான்றுக்கான பிராக்சிஸ் 5403 தேர்வில் 155 மதிப்பெண் வேண்டும். இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன் வரும் கோடையில் எழுதிவிட்டால், ஒருவேளை மறுபடி எழுதவேண்டி வந்தாலும் பட்டத்துக்குள் முடிக்க அவகாசம் இருக்கும்.