லிவர்பூலில் ஒரு கழித்தல் கணக்கு

குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு நின்ற என் அப்பாவைப் பார்த்து, வாழைப்பழ வேஷத்தில் வந்த ஓர் இளைஞன் "சூப்பர் காஸ்ட்யூம், மேட்!" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அப்பா பதிலுக்குக் கும்பிடு போட்டார். டார்ட்ஸ், அதாவது பலகையில் குட்டி அம்பு எறிகிற ஆட்டம், நடக்க இருந்த லிவர்பூல் எம் அண்ட் எஸ் பேங்க் அரங்க வாசல். 2024 ஏப்ரல் 25, வியாழக்கிழமை சாயங்காலம். மெர்சி ஆற்றுக் காற்று காதை அறுத்துக்கொண்டிருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலு பாதிரியார்கள், ஒரு ராட்சத இறால், ரோட்டில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு போல உடுத்தியிருந்த இரண்டு பேர். நாங்கள் மட்டும்தான் வேஷம் போடாமல் வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

அப்பா விருதுநகர்க்காரர். நாற்பது வருஷம் பலசரக்குக் கமிஷன் மண்டி. ஏப்ரல் முதல் வாரம் அம்மாவோடு வாரிங்டனுக்கு, என் வீட்டுக்கு வந்தார். வந்ததிலிருந்து மனசு சரியில்லை. 19ஆம் தேதி தேர்தல், விரலில் மை வைக்க முடியவில்லை. 23ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கினார், அதை போனில்தான் பார்த்தார். "இங்க என்னடா இருக்கு, மழையும் ரொட்டியும்தான்" என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன். பப் அணியில் முப்பது வருஷம் டார்ட்ஸ் ஆடியவர். மகளோடு போகலாம் என்று பிரீமியர் லீக் டார்ட்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். அதை என் கையில் திணித்துவிட்டார். "குடிக்கிற இடத்துக்கா அவர கூட்டிட்டுப் போற?" என்றாள் அம்மா. பதில் சொல்லாமல் ரயில் ஏறினோம்.

லைம் ஸ்ட்ரீட்டில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தே போனோம். ஆல்பர்ட் டாக் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். 1846இல் திறந்த சரக்குத்துறை. செங்கல் கிடங்குகளும் தடித்த இரும்புத் தூண்களுமாக நிற்கிறது. இன்றைக்கு அதில் அருங்காட்சியகமும் காபிக் கடையும். "இங்கதான பஞ்சு வந்து இறங்கும்?" என்றார். எங்கள் தாத்தா பருத்தி வியாபாரி. லிவர்பூல் விலை என்ன என்று தந்தி வந்த பிறகுதான் ஊரில் பேரம் படியுமாம். திருநெல்வேலிப் பருத்தி என்று ஒரு ரகத்துக்கே இந்த ஊர்ச் சந்தையில் தனிப் பெயர் இருந்தது. தூணைக் கையால் தட்டிப் பார்த்தார் அப்பா. போட்டோ எடுக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்.

லீக் எப்படி நடக்கிறது என்று போகிற வழியிலேயே சொல்லி வைத்தேன். 2005இல் தொடங்கியது. இப்போதைய முறையில் எட்டே பேர். பிப்ரவரியிலிருந்து மே வரை வியாழக்கிழமைதோறும் ஓர் ஊர். அந்த வருஷம் கார்டிஃபில் ஆரம்பித்து பெர்லின், கிளாஸ்கோ, டப்ளின், ராட்டர்டாம் என்று சுற்றி, பதினாறு ஊரில் பதின்மூன்றாவதாக லிவர்பூலுக்கு வந்திருந்தது. ஒவ்வொரு ராத்திரியும் ஒரு முழுப் போட்டி: நாலு காலிறுதி, இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. லெக் என்றால் ஆட்டத்துக்குள் ஒரு குட்டி ஆட்டம், முதலில் ஆறு லெக் எடுப்பவருக்கு வெற்றி. அன்றைக்கு ஜெயித்தவருக்கு 5 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 3, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 2, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. கடைசியில் முதல் நாலு பேர் லண்டன் ஓ2 அரங்கத்துக்குப் போவார்கள்.

"அப்ப நாடகக் கம்பெனி மாதிரி. வாரம் ஒரு ஊர்ல கொட்டகை" என்றார் அப்பா. "ஒரு ராத்திரி ஜெயிச்சா என்ன குடுப்பான்?"

"பத்தாயிரம் பவுண்டு."

"பத்து லட்சத்துக்கு மேல." அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாக நடந்தார்.

உள்ளே கீழ்த்தளம் முழுக்க நீள மேஜைகள், கல்யாணப் பந்தி போல. இலை விரிக்க வேண்டிய இடத்தில் பீர் ஜாடிகள். சுற்றிலும் மேலே அடுக்கு இருக்கைகள், அதில்தான் நாங்கள். மேடையில் இருந்த பலகை எங்கள் இடத்திலிருந்து நெற்றிப் பொட்டு அளவுதான் தெரிந்தது. அதில் குத்துகிற ஊசி கண்ணுக்குப் படவே படாது. உண்மையைச் சொல்கிறேன், டார்ட்ஸை நேரில் போய்ப் பார்ப்பது என்பது பத்தாயிரம் பேரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதுதான். ராட்சதத் திரையில் பலகையைக் காட்டுவார்கள், எல்லோரும் அதையே பார்ப்பார்கள். பாதிப் பேர் அதையும் பார்ப்பதில்லை. பாட்டு வந்தால் மேஜை மேல் ஏறுவார்கள், மூன்று அம்பில் எடுக்கக்கூடிய அதிகபட்சமான "180" என்று அச்சடித்த அட்டையின் பின்பக்கத்தில் எதையாவது எழுதி கேமராவுக்குக் காட்டுவார்கள். வீரர்கள் மேடைக்கு நடந்து வருகிற அந்த அமர்க்களம் முதல் இரண்டு தடவை நன்றாக இருந்தது. ஏழு ஆட்டத்துக்கும் அதையே பார்ப்பது அறுவை.

அப்பா இருபது நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று நான் வினிகர் ஊற்றிய சிப்ஸை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். அப்போது கேட்டார், "எல்லாரும் ஐநூத்தியொண்ணுலேர்ந்தா ஆரம்பிக்கிறாங்க?"

ஆமாம், 501இலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அம்பு. இந்த ஊர் ஆட்டக்காரர்களும் அதை 'அம்பு' என்றுதான் சொல்கிறார்கள். ஆக்கி என்கிற கோட்டுக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும், கோட்டுக்கும் பலகைக்கும் 2.37 மீட்டர் தூரம். உள்வட்டத்தின் மெல்லிய பட்டையில் குத்தினால் எண் மூன்று மடங்கு, விளிம்புப் பட்டையில் குத்தினால் இரண்டு மடங்கு. பட்டையின் அகலம் எட்டு மில்லிமீட்டர்தான். கடைசி அம்பு இரட்டையில் விழுந்து சரியாகச் சைபர் வர வேண்டும். ஒன்று கூடிப் போனாலும் அந்தச் சுற்றில் எறிந்தது எல்லாம் செல்லாது.

"கழித்தல் கணக்கா!" என்றார் அப்பா. குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தார்.

பிறகு பலகையை ஒரு சரக்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். உச்சியில் இருபது. அதற்கு இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஒன்று. "இருவதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணையும் அஞ்சையும் வச்சவன் சரியான வியாபாரிடா. கை கொஞ்சம் நடுங்குனா நஷ்டம்." அடுத்த லெக்கில் ஒருவருக்கு 96 மிச்சம். "அறுவது, முப்பத்தாறு" என்று அப்பா சொல்லி முடித்த பிறகுதான் மேடையில் முதல் அம்பு கிளம்பியது. மூன்று மடங்கு இருபது, இரட்டைப் பதினெட்டு. லெக் முடிந்தது. எனக்கே சிலிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் பாதிக் குளிர்காலம் எனக்குப் பாடம் எடுத்தும் 96 என்றால் நான் இன்னும் விரல் விட்டு எண்ணுகிற ஆள்.

அவர் அதிகம் ரசித்தது 32ஐ. வீரர்கள் மெனக்கெட்டு 32 மிச்சம் வைக்கிறார்கள், ஏன் என்று கேட்டார். இரட்டைப் பதினாறைக் குறி வைத்து, தவறி ஒற்றைப் பதினாறில் விழுந்தால் மிச்சம் 16, அதற்கு இரட்டை எட்டு. அதுவும் ஒற்றையில் போனால் 8, இரட்டை நாலு. பிறகு 4, பிறகு 2. நான் முடிப்பதற்குள் அப்பா தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்: "அரை, கால், அரைக்கால், மாகாணி! இது எங்க வாய்ப்பாடுடா!" முப்பத்திரண்டில் அரை பதினாறு, கால் எட்டு, அரைக்கால் நாலு, மாகாணி இரண்டு. மண்டியில் அவர் கணக்கு எழுதிய காலத்தில் கால்குலேட்டர் மேஜை டிராயரில் தூங்கும். நான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பின்னங்களைப் படித்ததே இல்லை. அவர் மூலம் காதில் விழுந்ததோடு சரி.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அதே வாழைப்பழம். அப்பா சத்தமாகக் கணக்குச் சொல்வதும் அப்படியே நடப்பதும் நாலைந்து தடவை காதில் விழுந்ததும் திரும்பினான். நான் அவரை எப்படிக் கூப்பிடுகிறேன் என்று கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு திரையில் எண் வந்தாலே "ஆப்பா?" என்பான். அப்பா "சிக்ஸ்டி, ஃபிஃப்டி ஃபோர், ட்வென்டி" என்று ஏலம் விடுகிற குரலில் சொல்வார். வரிசையே கேட்டுக்கொள்ளும். சில தடவை வீரர் வேறு வழியில் போனார். அப்போதெல்லாம் அப்பா முகம் சுளித்து, "சுத்தி வளைச்சுப் போறான்" என்பார்.

இத்தனைக்கும் யார் யார் ஆடுகிறார்கள் என்பது அவர் மனதில் தங்கவே இல்லை. பச்சைச் சட்டை வான் கெர்வென், தலையில் வண்ணக் கொண்டை நட்டு வரும் பீட்டர் ரைட், ரக்பி ஆடிவிட்டு இந்தப் பக்கம் வந்த கெர்வின் பிரைஸ், எலக்ட்ரீஷியனாக இருந்த ராப் கிராஸ், கூரை வேலை செய்துவந்த உலகச் சாம்பியன் லூக் ஹம்ப்ரீஸ் என்று நான் வரிசையாகச் சொன்னேன். "கூரை வேலை" என்ற இடத்தில் மட்டும் தலையாட்டினார்.

லூக் லிட்லர் வந்தபோது அரங்கமே ஊளையிட்டது. அப்பா மிரண்டுவிட்டார். "பச்சப் புள்ளடா, எதுக்கு இப்பிடிக் கத்துறாங்க?" அப்போது பதினேழு வயது, ரன்கார்னில் பிறந்தவன், எங்கள் வாரிங்டன்காரன். ஜனவரி 3ஆம் தேதி, பதினாறு வயதில் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி வரை போய் ஹம்ப்ரீஸிடம் 7-4 என்று தோற்றவன். எல்லாம் சரி, ஆனால் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். லிவர்பூலில் அது மன்னிக்க முடியாத குற்றம். அவன் இரட்டைக்குக் குறி பார்க்கிற ஒவ்வொரு தடவையும் விசில், கூச்சல். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். அப்பா கட்சி மாறியது அந்த நிமிஷம்தான். சுற்றி இருந்த அத்தனை பேரும் ஊளையிட, இவர் மட்டும் தனியாகக் கைதட்டினார். வாழைப்பழம் முறைத்துவிட்டு, ஆப்பா என்பதால் விட்டுக்கொடுத்தது.

அன்று ராத்திரி லிட்லர்தான் ஜெயித்தான். கடைசி அம்பு விழுந்ததும் ஊளை எங்கே முடிந்து கைதட்டல் எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. திரும்புகிற பக்கமெல்லாம் பந்தயக் கம்பெனி விளம்பரம். லீக்கின் பெயரிலேயே ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. இந்த நாட்டில் பந்தயம் கட்டப் பதினெட்டு ஆக வேண்டும். அந்தப் பையன் மேல் மற்றவர்கள் பணம் கட்டுவார்கள், அன்றைக்கு அவன் பத்துப் பவுண்டு கட்டப் போயிருந்தால் கடையில் விரட்டிவிட்டிருப்பார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நல்லதுதான், விரட்டட்டும்" என்றார்.

திரும்பும்போது எங்கள் ரயில் ரத்து. மாற்று பஸ் வரும் என்றார்கள், ஐம்பது நிமிஷம் கழித்து வந்தது. வேறு நாளாக இருந்தால் அப்பா இந்திய ரயில்வேயின் அருமை பெருமைகளை எடுத்துவிட்டிருப்பார். அன்றைக்கு டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருந்தார். "நூத்தி அம்பத்தொம்பது வந்தா எப்பிடி முடிக்கிறது? மூணு அம்புல எப்பிடிப் பாத்தாலும் நிக்க மாட்டேங்குதே."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததும் கேட்டுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஊன்றுகோலோடு நின்றவர் வாய்விட்டுச் சிரித்தார். 159 மூன்று அம்பில் முடியவே முடியாதாம். அப்படி ஏழு எண்கள் உண்டு: 159, 162, 163, 165, 166, 168, 169. 'போகி' என்பார்களாம். "போகியா? அப்ப கொளுத்திற வேண்டியதுதான்" என்றார் அப்பா. இதை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

அப்புறம் வியாழக்கிழமை வந்தால் அப்பா ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு சோபாவுக்குப் போய்விடுவார். ஒருவருக்கு இங்கிலீஷ் வராது, இன்னொருவருக்குத் தமிழ் வராது, இருவருக்கும் எண் வந்தது. அபர்தீன் ராத்திரியும் லிட்லருக்கே. கராஜில் ஒரு நாள் பலகையைத் தொட்டுப் பார்த்து இது என்ன மரம் என்று கேட்டார் அப்பா. மரமே இல்லை, சைசல் நார், அதாவது நம் ஊர் ரயில் தண்டவாளத்து ஓரம் நிற்கும் கற்றாழையின் சாதி. நாரை நெருக்கி நிறுத்தி இறுக்குவதால்தான் அம்பைப் பிடுங்கினால் ஓட்டை மூடிக்கொள்கிறது. அவர் எறிந்த மூன்று அம்பில் ஒன்று பலகையில் பட்டது. எண் ஒன்று. "சொன்னேன்ல, நஷ்டம்" என்றார்.

வைகாசியில் சித்தப்பா மகள் கல்யாணம். இறுதிக்கு முன்னாடியே இருவரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மே 23, ஓ2 அரங்கத்து ஆட்டத்தைப் பக்கத்து வீட்டில் நானும் பெரியவரும் மட்டும் பார்த்தோம். லிட்லர், ஹம்ப்ரீஸ். ஜனவரி இறுதியில் மோதிய அதே இருவர். 11-7 என்று முதல் வருஷத்திலேயே லீக்கை எடுத்துவிட்டான் பையன். பரிசு 2,75,000 பவுண்டு. நடுவில் ஒரு லெக்கை ஒன்பதே அம்பில் முடித்தான். அதற்குக் கீழே யாராலும் முடிக்க முடியாது. பெரியவர் ஊன்றுகோலை மறந்துவிட்டு எழுந்து நின்றார்.

நள்ளிரவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஊரில் விடிகாலை நாலரை, மண்டிக்காரர் எழுந்திருக்கிற நேரம்.

"என்னாச்சுடா?"

"நம்ம பையன்தான்ப்பா. ஒரு லெக்க ஒம்பது அம்புல முடிச்சான்."

"ஒம்பதா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பால்காரர் சைக்கிள் மணி மட்டும் கேட்டது. "நூத்தியெம்பது, நூத்தியெம்பது. மிச்சம் நூத்தி நாப்பத்தொண்ணு. அதுல மூணு அம்பு."

"ஆமாப்பா. அத எப்பிடின்னா..."

"இரு, சொல்லாத. அறுவது, அம்பத்தேழு, இருவத்திநாலு. இல்லேன்னா அறுவது, நாப்பத்தஞ்சு, முப்பத்தாறு. இன்னொரு வழியும் இருக்கணுமே... இரு, பேனாவ எடுத்துக்கிறேன்."