எக்ஸ்-ரே ஆறிவிட்டது என்றது, ஸ்கேன் இன்னும் இல்லை என்றது

வேர் சிகிச்சை முடித்து மேலே கேப்பும் போட்ட மேல் கடைவாய்ப் பல் ஒன்று எனக்கு நெடுநாளாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய வலி என்று சொல்ல முடியாது. கடித்தால் ஒரு மந்தமான அழுத்தம். எப்போதாவது ஈறில் சின்னதாக ஒரு சீழ்க் கொப்புளம் வரும், தானாக உடைந்து வடிந்துவிடும். சாதாரணப் பல் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் காட்டியபோது, "இந்த மாதிரிப் பற்களை வைத்து ஒரு ஆய்வு நடக்கிறது. விருப்பமிருந்தால் நீங்களும் சேரலாம்" என்றார்கள்.

ஆய்வு என்றதும் புது மருந்து ஏதோ தரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வேருக்குள் இருக்கும் பழைய அடைப்பை எடுத்துவிட்டுத் திரும்பச் சுத்தம் செய்வது எல்லோருக்கும் பொது. வேருக்குள் ஓடும் மெல்லிய கால்வாயைக் கழுவும் முறையில் மட்டும்தான் வித்தியாசம். ஒரு குழுவுக்கு சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினித் திரவத்தை ஊசிக்குழாயால் செலுத்திக் கழுவுவார்கள். இன்னொரு குழுவுக்கு அதே திரவத்தை அல்ட்ராசோனிக் கருவியால் உள்ளேயே அதிரவைப்பார்கள். எந்தக் குழுவுக்கு வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பு நன்றாக ஆறுகிறது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லப்போவது படங்கள். ஆரம்பத்தில் பல்லையும் எலும்பையும் முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. என்ற எக்ஸ்-ரே ஸ்கேன் ஒன்று, ஒரு வருடம் கழித்து இன்னொன்று, நடுவில் சாதாரண எக்ஸ்-ரேக்கள்.

முதலில் தகுதிப் பரிசோதனை. சர்க்கரை நோய் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்களா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். பிறகு மெல்லிய அளவுகோல் கம்பியால் பல்லைச் சுற்றி ஈறின் ஆழத்தை அளந்தார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி குறுகலாக, ஆழமாக இறங்கினால் வேர் நெடுக விரிசல் விட்டிருக்கலாம் என்று அர்த்தமாம். அப்படிப்பட்ட பல்லை எவ்வளவு கழுவினாலும் பிழைக்காது, அதனால் ஆய்வில் எடுப்பதில்லை. எனக்கு முன்னால் காத்திருந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய பல்லுக்குள், கேப்பைத் தாங்குவதற்காக வேரில் இறக்கிய உலோகத் தூண் இருந்தது. அடர்த்தியான உலோகத்தில் கதிர் பட்டால் படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் விழுந்து, பக்கத்தில் இருப்பதை எல்லாம் மறைத்துவிடும். தன் பல்லை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவருக்கு வருத்தம். சிகிச்சை வழக்கம்போல வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் என்று ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது நீட்டப்படும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. படித்துவிட்டு என் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். சேரவில்லை என்றால் சிகிச்சை தாமதமாகுமா? பாதியில் விலகினால் பல்லை யார் பார்ப்பார்கள்? இரண்டாவது ஸ்கேன் என் நன்மைக்கா, ஆய்வின் நன்மைக்கா? கடைசிக் கேள்விக்கு டாக்டர் மழுப்பவே இல்லை. "முதல் ஸ்கேன் உங்கள் சிகிச்சைக்கே தேவை. இரண்டாவது பெரும்பாலும் ஆய்வுக்காகத்தான்" என்றார். அந்த நேர்மைக்காகவே கையெழுத்துப் போடலாம் என்று தோன்றியது.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை சும்மா வந்துவிடவில்லை. 1940களின் பிற்பகுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், விபெஹோல்ம் மருத்துவமனையில் அடைபட்டிருந்த மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபிகளை வேண்டுமென்றே கொடுத்துச் சொத்தை எப்படி வருகிறது என்று பார்த்தார்கள். சம்மதம் சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் இல்லை. 1954இல் முடிவுகள் வெளியாயின. உணவுக்கு நடுவில் அடிக்கடி சாப்பிடும் ஒட்டும் இனிப்புதான் பல்லுக்கு அதிகக் கேடு என்று இன்றைக்கும் பல் டாக்டர்கள் சொல்வதற்கு அந்த முடிவுகள் ஒரு முக்கிய ஆதாரம். அறிவு கிடைத்தது, ஆனால் கிடைத்த வழி கேவலமானது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறி வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல்தான் வந்தது. என் கையில் இருந்த படிவத்தில் 'எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம்' என்ற வரியைப் பார்த்தபோது அந்த டாஃபிகள்தான் நினைவுக்கு வந்தன.

அப்புறம் கதிர்வீச்சு. வீட்டில் எல்லோரும் பயந்தது இதற்குத்தான். உலக சராசரியாக ஒரு மனிதர் மண், காற்று, விண்வெளி என்று இயற்கையிலிருந்தே வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்கிக்கொள்கிறார். மில்லிசீவர்ட் என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஆறு மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்று மேல். வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் ஒற்றை எக்ஸ்-ரே அநேகமாக அந்த ஒரு நாள் கணக்குக்குள் அடங்கிவிடும். சி.பி.சி.டி. அப்படி இல்லை. கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்துப் பத்து மைக்ரோசீவர்ட் சொச்சத்திலிருந்து பல நூறு வரை போகும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி 'ஸ்கேன் ஆபத்தா?' என்பதைவிட 'எவ்வளவு பரப்பு?' என்பதுதான். எனக்கு அந்தப் பல்லையும் அக்கம்பக்கத்தையும் மட்டும் பிடிக்கும் சிறு பரப்பு போதும் என்று முடிவு செய்திருந்தார்கள். முகம் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. சிறு பரப்பில் இன்னொரு லாபமும் உண்டு. பெரிய ஸ்கேனிலிருந்து ஒருவருடைய முகத்தையே கணினியில் திரும்ப உருவாக்கிவிடலாம், பெயரை அழித்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பல்லும் ஒரு துண்டு எலும்பும் யாரையும் காட்டிக்கொடுக்காது.

ஈய ஏப்ரன் போடவில்லையே என்று கேட்டேன். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் பல் எக்ஸ்-ரேக்களுக்கு ஏப்ரனும் தைராய்டு காலரும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று பரிந்துரைத்துவிட்டதாம். கதிரைக் குறுகலாக்கித் தேவையான இடத்தில் மட்டும் விழவைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. காலர் சில சமயம் படத்துக்குள் புகுந்து காரியத்தைக் கெடுத்து, மறுபடி எடுக்கவைத்துவிடும். சில இடங்களில் போடச் சொல்லும் விதி இருக்கிறது, அங்கே போடுவார்கள்.

ஸ்கேன் எடுப்பது சுலபம்தான், ஆனால் அசையாமல் இருப்பது சுலபமில்லை. தோடு, கண்ணாடி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் குச்சியை முன்பற்களால் கடித்துக்கொள்ள வேண்டும். முகத்தில் சிவப்புக் கோடுகளை விழவைத்து நேராக்குவார்கள். நெற்றியில் ஒரு பட்டை. பிறகு கருவியின் கை தலையைச் சுற்றிவரும். இருபது விநாடியோ என்னவோ. அந்த நேரம் பார்த்துத்தான் எச்சில் விழுங்கத் தோன்றும். தொழில்நுட்பர் சொன்ன ஒரு யோசனை எனக்குப் பெரிதும் உதவியது: கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் சுற்றிவரும் கையைக் கண் பின்தொடரும், கண்ணோடு தலையும் கொஞ்சம் திரும்பிவிடும். தொடங்கும் முன்பே ஒருமுறை விழுங்கிவிட்டு, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் போதும். படத்தின் நுணுக்கம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு, அந்த அளவுக்கு அசைந்தாலே வேரின் ஓரம் இரட்டையாகத் தெரியும். ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்துச் சில வாரங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் தன் பற்களை 25 நிமிடம் கதிரில் காட்டிப் படமெடுத்தாராம். அதை நினைத்துக்கொண்டுதான் இருபது விநாடியைக் கடத்தினேன்.

ஸ்கேனில் காரணம் பளிச்சென்று தெரிந்தது. மேல் கடைவாய்ப் பல்லில், கன்னத்தை ஒட்டி முன்புறமாக இருக்கும் வேரில் பெரும்பாலும் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் ஒளிந்திருக்கும். முன்பு செய்த சிகிச்சையில் எனக்கு அது தொடப்படவே இல்லை. வேர் நுனியில் எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு குழி. அதற்கு மேலே, கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையான சைனஸின் உள்சவ்வு தடித்திருந்தது. அடிக்கடி ஒரு பக்க மூக்கு அடைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதெல்லாம் எக்ஸ்-ரேயில் ஏன் தெரியவில்லை? அது எல்லாவற்றையும் ஒரே தட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிடுகிறது. மூன்று வேர்கள், கன்ன எலும்பு, சைனஸின் தரை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். போதாததற்கு, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்பு மட்டும் கரைந்தால் படத்தில் தெரியாமல் போகலாம், வெளியே இருக்கும் கெட்டியான ஓடும் அரிக்கப்பட்ட பிறகுதான் நன்றாகத் தெரியும். இதை 1961இலேயே பெண்டர், செல்ட்ஸர் என்ற இருவர் இறந்தவர்களின் தாடை எலும்புகளில் துளையிட்டுக் காட்டிவிட்டார்கள்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரத்துப்போக ஊசி, ரப்பர் ஷீட், நீண்ட நேரம் திறந்த வாய். சுவாரசியமானது ஒரு காகித உறைதான். கால்வாய்களை அகலப்படுத்தி முடித்த பிறகுதான், ஒட்டிய, உள்ளே இருப்பது தெரியாத உறையைப் பிரித்து நான் எந்தக் குழு என்று பார்த்தார்கள். முன்பே தெரிந்தால் டாக்டரின் கை தன்னையறியாமல் ஒரு குழுவுக்குக் கூடுதல் கவனம் காட்டிவிடலாமாம். எனக்கும் தெரியக்கூடாது. அல்ட்ராசோனிக் கருவியின் கீச்சுச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கும் பலிக்கவில்லை, எந்தக் குழுவானாலும் அந்தச் சத்தம் கேட்கும்படி கருவியை ஓடவிடுவது அவர்கள் வழக்கம்.

அதற்குப் பிறகு இடையிடையே வந்து எக்ஸ்-ரே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், முதல் நாளே என் கடியைச் சிலிக்கான் களிம்பில் அச்செடுத்து சென்சார் தாங்கியோடு ஒட்டி, ஆய்வு எண் எழுதி எடுத்து வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த முறை அதையே கடித்தால் சென்சார் பழைய இடத்துக்கே போய் உட்காரும். பின்பற்களுக்கு வைக்கும்போது குமட்டல் வருகிறவர்கள் ஒரு காலைத் தூக்கி அதிலேயே கவனத்தை வைத்திருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், எனக்கு வேலை செய்தது.

சலிப்பு வந்தது நடுவில்தான். வலி போய்விட்டது, கொப்புளம் வரவில்லை, பிறகு எதற்கு வர வேண்டும் என்று தோன்றியது. நலமானவர்கள் எல்லாரும் இப்படி நின்றுவிட்டால், வருகிறவர்கள் பெரும்பாலும் தொல்லை தீராதவர்களாகவே இருப்பார்கள், இரண்டு முறைகளுமே தோற்றுவிட்டதாகக் கணக்கு சொல்லும் என்று ஒருங்கிணைப்பாளர் போனில் விளக்கினார். சரி என்று போனேன்.

ஒரு வருட ஸ்கேன் முடிந்த கையோடு "ஆறிவிட்டதா டாக்டர்?" என்று கேட்டேன். அவசரமாகக் கவனிக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதை மட்டும் அன்றே சொன்னார்கள். ஆறியதா இல்லையா என்று தீர்ப்பு சொல்பவர்கள் வேறு இருவர். நான் யார், எந்தக் குழு என்று தெரியாமல் தனித்தனியாகப் படத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சில வாரம் கழித்து அதே படங்களில் ஒரு பகுதியை வரிசை மாற்றித் திரும்பவும் பார்க்கவேண்டும், தான் சொன்னதையே தான் மறுபடி சொல்கிறோமா என்று தெரிந்துகொள்ள. எக்ஸ்-ரேக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் முறை 1986 முதல் புழக்கத்தில் இருக்கிறது. 1 என்றால் நலம், 5 என்றால் மோசம். இருவரும் ஒத்துப்போவது தற்செயலா, உண்மையிலேயே ஒரே கருத்தா என்று பிரித்துக்காட்ட கோஹன் என்ற உளவியலாளர் 1960இல் தந்த கப்பா என்ற எண் இருக்கிறது. முழு ஒற்றுமைக்கு 1, தற்செயல் அளவுக்கு 0. நான் அதுவரை படம்தான் பதில் சொல்லும் என்று நினைத்திருந்தேன். பார்க்கிற கண்ணையும் சேர்த்து அளக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு கூப்பிட்டு என் எக்ஸ்-ரேயையும் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். எக்ஸ்-ரேயில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆறிவிட்டது என்றே சொல்லலாம். ஸ்கேனில் குழி நன்றாகச் சுருங்கியிருந்தது, சைனஸ் சவ்வும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது, ஆனால் வேர் நுனியை ஒட்டி மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று இன்னும் மிச்சம். எது சரி என்றேன். இரண்டுமே சரிதான் என்றார் டாக்டர். அந்த வளையம் ஆறிக்கொண்டிருக்கும் எலும்பாக இருக்கலாம், தழும்புத் திசுவாக இருக்கலாம், மிச்சமிருக்கும் தொற்றாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து மூன்றையும் பிரித்துச் சொல்ல ஸ்கேனால் முடியாது. அதிகம் காட்டும் கருவி வந்ததால் வெற்றி என்று எழுதப்பட்ட பல சிகிச்சைகள் 'பாதி வெற்றி' ஆகிவிடுகின்றன, அதற்காக எல்லாப் பல்லையும் மறுபடி திறக்க முடியாது என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வலி இல்லை, வீக்கம் இல்லை, குழி சுருங்கியிருக்கிறது. அதனால் இப்போதைக்குத் தொடுவதில்லை என்று சேர்ந்து முடிவு செய்தோம். ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டுதலும், முழுதாக ஆறாத பல்லை நான்கு வருடம் வரை கவனித்துப் பார்க்கலாம் என்கிறது. இனி வருடத்துக்கு ஒருமுறை சாதாரண எக்ஸ்-ரே போதும், தொல்லை வந்தால் மட்டும் ஸ்கேன். இரண்டு ஸ்கேன்களின் கோப்புகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால், திரும்ப எடுக்காமல் இதைக் காட்டலாம். நான் எந்தக் குழுவில் இருந்தேன் என்பது கடைசி ஆளின் கடைசி ஸ்கேனும் வாசித்து முடிந்த பிறகுதான் தெரியும் என்றார்கள். அல்ட்ராசோனிக்தான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்ட எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்களாம்.