நாட்டிய உடை தைக்க ஆள் தேவை

எங்கள் பரதநாட்டியக் குழுவுக்கு நல்ல டெய்லர் ஒருவர் வேண்டும். ரவிக்கை அழகாகத் தைக்கிறவர்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நாட்டிய உடை வேறு வேலை.

முன்னால் வரும் விசிறி மடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்ததும் அது இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிய வேண்டும்; நிமிர்ந்ததும் மடிப்பு மடிப்பாகத் திரும்பிச் சேர வேண்டும். நிற்கவைத்து அளவெடுத்தால் மட்டும் போதாது, மண்டியிலும் எடுக்க வேண்டும். சேலையை வெட்டும் முன்பே பார்டர் எங்கே வந்து விழும் என்று மனதில் ஓட வேண்டும். பட்டில் கத்தரி வைத்தால் வைத்ததுதான். அப்புறம், வளரும் பிள்ளைகள் என்பதால் உள்ளே துணி விட்டுத் தைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி தன் நாட்டிய உடையை வடிவமைத்தபோது மேடம் காசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞர் துணை நின்றார். அந்த மரியாதை தைக்கிறவர்களுக்கு இன்றும் வேண்டும். எங்கள் அழைப்பிதழில் பாடுபவர், மிருதங்கம் வாசிப்பவர் பெயரோடு உடை தைத்தவர் பெயரும் வரும்.

தெரிந்தவர் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். முதலில் மாதிரிக்கு ஒரு விசிறி தைத்துக் காட்டச் சொல்வோம், அதற்கும் கூலி உண்டு.