குவியலாகக் கொட்டிய விறகும் அடுக்கிய விறகும்

கணப்பு அடுப்பு வைத்த முதல் ஆண்டில், குளிர் தொடங்க மூன்றே வாரங்கள் இருந்தபோது, ஒரு ‘கார்டு’ விறகு என்று சொல்லி ஒருவர் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார். குவியல் என் தோள் உயரத்துக்கு நின்றது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்து, இரண்டு குளிர்காலத்துக்கு வரும் என்று மகிழ்ந்தோம். மறுநாள் அடுக்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கு உதைத்தது. 4 அடி உயரமும் 8 அடி நீளமுமாக முதல் வரிசை நிறைந்தது. இரண்டாவது வரிசை என் இடுப்போடு நின்றுவிட்டது. மூன்றாவது வரிசைக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

கார்டு என்பது அடுக்கிய விறகின் கன அளவு. 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம்; பெருக்கினால் 128 கன அடி, அதாவது ஏறத்தாழ 3.6 கன மீட்டர். இந்த அளவு விறகை 4 அடி நீளத் தடிகளாக அடுக்கும் வழக்கத்தோடு சேர்ந்தது. அடுப்புக்கென நறுக்கிய துண்டோ பெரும்பாலும் 16 அங்குலம்தான். ஆகவே முன்னால் நின்று பார்க்கும்போது 4 அடிக்கு 8 அடி என்று கம்பீரமாகத் தெரியும் ஒற்றை வரிசை, முழு அளவில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஒற்றை வரிசைக்கு ‘ஃபேஸ் கார்டு’ என்று தனிப்பெயர் உண்டு. பேச்சில் முதல் சொல் உதிர்ந்து இரண்டாவது மட்டும் நிற்கும்போது, வாங்குகிறவருக்கு மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. எனக்கு வந்தது பாதிக்குச் சற்றே மேல். விற்றவர்மேல் அன்று கொதித்தேன்; ஆனால் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களைக் கேட்டு வாங்காமல் ஒரு பெயரை மட்டும் கேட்டு வாங்கியவன் நான்தான்.

மீட்டர் அளவு வழங்கும் இடங்களில் இந்தத் தொல்லை வேறு உருவத்தில் வருகிறது. பிரான்சில் 1795-இல் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது, விறகுக்கென்றே ‘ஸ்டேர்’ என்ற அலகை வைத்தார்கள். 1 மீட்டர் நீளத் தடிகளை 1 மீட்டர் அகலத்துக்கும் 1 மீட்டர் உயரத்துக்கும் அடுக்கினால் அது ஒரு ஸ்டேர். அதே தடிகளை 50 சென்டிமீட்டராக நறுக்கி மீண்டும் அடுக்கினால் அடுக்கு சுமார் 0.8 கன மீட்டராகச் சுருங்குகிறது. 33 சென்டிமீட்டராக நறுக்கினால் 0.7. மரம் எங்கும் போகவில்லை. வளைந்த நீளத் தடிகளுக்கு நடுவே இருந்த காற்றுதான் வெளியேறியது. எதிர்த்திசையில், அடுக்காமல் லாரியில் வாரிக் கொட்டும்போது காற்று கூடுகிறது. 128 கன அடி அடுக்கு விறகு, கொட்டிய நிலையில் 180 கன அடி வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். நன்றாக அடுக்கிய கார்டிலும் கெட்டியான மரம் 80 முதல் 90 கன அடிதான் இருக்கும். எனவே எத்தனை கன அளவு என்பதோடு, அடுக்கியா கொட்டியா, துண்டின் நீளம் என்ன என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தே வர வேண்டும். இன்று நான் விறகு வருவதற்கு முன்பே முற்றத்தில் 8 அடி இடைவெளியில் இரண்டு முளைகளை நட்டு, 4 அடி உயரத்தில் கோடு போட்டுவிடுகிறேன். அதைப் பார்த்த பிறகு பேரத்தில் குத்துமதிப்புப் பேச்சு எழுவதில்லை.

எடை போட்டு வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். காய்ந்த விறகுக்கு அது நியாயமான முறைதான். பச்சை விறகுக்கு அது தண்ணீரை விலைக்கு வாங்கும் முறை. அப்போதே வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட 100 கிலோ விறகில் மரம் 50 கிலோதான். எரிக்கத் தகுந்த 20 சதவீத ஈரத்துக்கு அது காய்ந்து வரும்போது மொத்தம் 62.5 கிலோவாகிவிடும். மிச்சம் 37.5 கிலோவையும் நாம் சுமந்து, அடுக்கி, காற்றுக்குக் கொடுக்கிறோம்.

அந்த முதல் ஆண்டு விறகு அளவில் மட்டுமல்ல, ஈரத்திலும் என்னைக் கவிழ்த்தது. அடுப்பில் வைத்த துண்டின் இரு முனைகளிலும் நுரை தள்ளியது. ‘உஸ்’ என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. தீ பற்றாமல் புகைந்து, அடுப்புக் கதவின் கண்ணாடி ஒரே இரவில் தார் பூசியதுபோல் கறுத்தது. தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடுகிறது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டால் அது மட்டும் போதாது. ஒரு கிலோ உலர்ந்த மரம் சுமார் 18 மெகாஜூல் வெப்பம் தருகிறது. ஒரு கிலோ தண்ணீரை விரட்ட ஏறத்தாழ 2.5 மெகாஜூல் போதும். ஆக, மரத்தின் எடைக்குச் சமமான தண்ணீர் இருந்தாலும் ஆவியாக்கும் செலவு ஏழில் ஒரு பங்குதான். பெரிய நட்டம் வேறிடத்தில் நடக்கிறது. விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி, சூடேறிய மரம் வெளிவிடும் வாயுக்கள் எரிவதால் வருவது. ஈரம் அடுப்பைக் குளிரவைத்துவிடுவதால் அந்த வாயுக்கள் எரியாமலே புகையாக மேலேறி, புகைபோக்கியின் உட்சுவரில் பிசின் போன்ற கசடாகப் படிகின்றன. அந்தக் கசடு ஒருநாள் தீப்பற்றினால் புகைபோக்கியே கொழுந்துவிட்டு எரியும். பைன் மரத்தின் பிசின்தான் கசடுக்குக் காரணம் என்று பழியை அந்த மரத்தின்மேல் போடுவது வழக்கம். நன்றாகக் காய்ந்த பைன் சுத்தமாகவே எரிகிறது, ஈரமான ஓக் கசடை அப்பிவிடுகிறது.

ஈரத்தை அறிய, தட்டிப் பார்ப்பது பழைய முறை. காய்ந்த துண்டுகள் இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும். பச்சைத் துண்டுகள் ‘தொப்’ என்று மந்தமாக விழும். முனைகளில் வெடிப்பு, கழன்று வரும் பட்டை, மங்கிய நிறம் ஆகியவையும் அடையாளங்கள்தான், ஆனால் வெளித்தோற்றம் ஏமாற்றக்கூடியது. நான் ஈரமானியை நம்புகிறேன், அதுவும் ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் ஊசிகளைக் குத்தினால் மட்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான ஈரமானிகள் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டு ஈரத்தைச் சொல்கின்றன. விறகுக்காரர்களின் 20 சதவீதமோ மொத்த எடையில் 20. நான்கு பங்கு மரத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் என்பதை முன்னது 25 என்றும் பின்னது 20 என்றும் காட்டும். மானியில் 25 என்று பார்த்து நல்ல விறகைத் திருப்பி அனுப்பியவன் நான்.

இரண்டாம் ஆண்டு முதல் தடிகளாக வாங்கி நானே நறுக்குகிறேன். சங்கிலி ரம்பத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன்: சங்கிலி சுற்றி ஓடும் தண்டின் நுனியில் மேல்பகுதி எதிலும் படக்கூடாது, பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்; சிராய் சிராயாக வந்த தூள் மாவு போல் விழத் தொடங்கினால் அரத்தைக் கையிலெடுக்கும் நேரம் வந்துவிட்டது. நீளம் மட்டும் முக்கியம். அடுப்பின் உள்நீளத்தைவிட மூன்று விரற்கடையாவது குறைவாக நறுக்க வேண்டும். மரத்தில் தண்ணீர் இழையின் போக்கில் ஓடிய வழியாகவே வெளியேறவும் விரும்புகிறது. பக்கவாட்டில் கசிவதைவிட முனைகளின் வழியே பல மடங்கு விரைவாக வெளியேறுகிறது. குட்டையான துண்டு சீக்கிரம் காய்வதற்கு அதுவே காரணம்.

பிளப்பதற்குக் கூரிய கோடரி உதவாது. அது மரத்துக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். ஆப்பு போல் தடித்த தலையும் 3 கிலோ அளவு எடையும் உள்ள பிளவுக் கோடரிதான் இழைகளை இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிறது. முழங்கால் உயர அடிக்கட்டையின்மேல் துண்டை நிறுத்தி, வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் வெடிப்புகளைத் தேடுவேன். மரம் தானே காட்டும் அந்தக் கோட்டில் அடி விழுந்தால் ஒரே வீச்சில் இரண்டாகும். கணு இருக்கும் பக்கத்தை விட்டுவிட வேண்டும். பெரிய துண்டை நடுவில் பிளக்க முயன்று தோள் வலித்த பிறகு, விளிம்பிலிருந்து பலகை பலகையாகச் செதுக்கி உள்ளே போகக் கற்றேன். பழைய டயர் ஒன்றை அடிக்கட்டையின்மேல் பொருத்தி அதற்குள் துண்டை நிறுத்தினால், பிளந்தவை சிதறி ஓடாமல் நிற்கும். குனிந்து குனிந்து பொறுக்கும் வேலை பாதியாகிறது. உறைபனி நாளில் பச்சை மரம் கண்ணாடி போல் தெறிப்பதைக் கண்ட பிறகு, முரட்டுத் துண்டுகளை அந்த நாளுக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்.

அடுக்கும்போது மண்ணில் படாமல் ஒரு சாண் உயர்த்தி, காற்று வரும் திசைக்கு முகம் காட்டி, மேலே மட்டும் மூடினால் போதும். தார்ப்பாயால் நான்கு பக்கமும் போர்த்தினால் விறகு வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பைன் போன்ற இலேசான மரம் ஒரு கோடையில் காய்ந்துவிடலாம். ஓக் இரண்டு ஆண்டு கேட்கும். பிர்ச் மரத்தின் பட்டை தண்ணீரை வெளியே விடாது என்பதால், பிளக்காமல் வைத்தால் காய்வதற்குள் உள்ளே உளுத்துப்போகும். எடைக்கு எடை எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத் தருவதால், கன அளவில் வாங்குகிறவருக்குக் கனமான மரமே லாபம். ஆனால் அது காயும் வரை காத்திருக்கப் பொறுமையும் இடமும் வேண்டும். பூச்சி அரித்த விறகைத் தொலைவிலிருந்து கொண்டுவரக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். விறகோடு விறகாக வண்டுகள் பயணம் செய்து காடுகளை அழித்திருக்கின்றன.

இப்போது முற்றத்தில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன: ஒன்று இந்தக் குளிருக்கு, மற்றது அடுத்ததற்கு. குளிர்காலத்தின் நடுநாளில் முதல் அடுக்கின் முளையில் சுண்ணக்கட்டியால் பாதி உயரத்தைக் குறித்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த ஆண்டு விறகு அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. இரவில் கடைசியாகப் போடும் இரண்டு துண்டுகளை ஒன்றாக்கிவிட்டேன். இரண்டாவது அடுக்கை இன்னும் தொடவில்லை.